கோணப்பட்டினத்தார் கடலுக்குத் தண்ணீர் ஊற்றியது

கோணப்பட்டினத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. பஞ்சம் பிழைக்க வந்த முன்னோர்கள் கடலைப் பெரிய ஏரி என்று நம்பி, வாய்க்கால் வெட்டி மூன்று வருஷம் நெல் நட்டார்கள். ஒரு நாற்றும் பச்சை பிடிக்கவில்லை. கோபத்தில் எல்லா வீட்டையும் கடலுக்கு முதுகைக் காட்டிக் கட்டிவிட்டார்கள். அன்றிலிருந்து ஒருத்தரும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்ததில்லை. இயற்கை வளம் என்று கேட்டால் தாழம்புதர் ஒன்று, நண்டு நிறைய.

அங்கேதான் நம்ம கூத்தபெருமாள் 'கடல்முகம் லாட்ஜ்' கட்டினார். வருஷம் ஒன்றாச்சு, ஈ காக்கா வரவில்லை.

"இந்த மாசமும் யாரும் தங்கலைன்னா நாலு ரூமுலயும் ஆட்டைக் கட்டிருவேன், ஆமா!" என்றாள் மனைவி உலகம்மாள்.

மனுஷன் ஆடிப்போனார். நாலு ரூமுக்கும் தன் கையால் பெயிண்ட் அடித்தவராச்சே!

மாசக் கடைசி நாள், உச்சி வெயிலில், மதுரை வாத்தியார் ஒருத்தர் குடும்பத்தோடு வந்து இறங்கினார். ஜன்னலைத் திறந்தார். நீர் வற்றி, கடல் எங்கேயோ கோடு மாதிரி தெரிந்தது.

"என்னய்யா, கடல் அங்க கிடக்கு? கொஞ்சம் கிட்ட கொண்டாந்து வைங்க, தங்குறோம். இல்லைன்னா சாயங்கால பஸ்ஸுக்குக் கிளம்புறோம்" என்று எரிந்து விழுந்துவிட்டுப் படுத்துக்கொண்டார்.

கூத்தபெருமாள் ஓட்டமாய் ஓடி ஊரைக் கூட்டினார்.

"கயிறு கட்டி இழுப்போமா?" என்றான் மொட்டையன்.

"கயிறைக் கட்டக் கடல்ல முளை எங்கடா இருக்கு? விவரம் இல்லாம பேசாதே" என்றார் சடையாண்டி. "தண்ணி குறைஞ்சதாலதானே தள்ளிப் போச்சு? ஊத்துனா வந்துரும்."

அடேயப்பா, என்ன மூளை! ஊரே குடத்தோடு கிணற்றுக்கு ஓடியது.

"நல்ல தண்ணிய ஊத்துனா கடல் சப்புன்னு ஆயிராதா? வாத்தியார் கண்டுபிடிச்சிருவாரே!" என்று பதறினார் கூத்தபெருமாள்.

குடத்துக்கு ஒரு கைப்பிடி உப்பு போடுவதென்று முடிவாயிற்று.

ஊற்றினார்கள், ஊற்றினார்கள், இடுப்பு ஒடிய ஊற்றினார்கள். சாயங்காலம் கடல் நகர்ந்து நகர்ந்து ஜன்னலுக்கு நேர் கீழே வந்து நின்றது. வாத்தியார் எழுந்து பார்த்து, "அட, பரவாயில்லையே!" என்றார். கூத்தபெருமாளுக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆனால் கடல் அங்கே நிற்கவில்லை. படியேறி வாசலுக்குள் வந்து வாத்தியாரின் செருப்பைத் தூக்கிக்கொண்டு போனது.

"எவன்டா அளவு தெரியாம ஊத்துனது?" என்று அலறினார் கூத்தபெருமாள்.

"நான் பன்னெண்டு குடம்தான்!" என்று சத்தியம் செய்தான் மொட்டையன்.

அவரவர் ஊற்றியதை அவரவர் மொண்டு கிணற்றிலேயே கொட்டுவது என்று தீர்ப்பானது. கொட்டக் கொட்டக் கடலும் வடிந்தது. நடுச்சாமத்தில் பார்த்தால், அளவுக்கு மிஞ்சி மொண்டுவிட்டார்கள் போல, கடல் பழையபடி தூரத்தில் கிடந்தது. மறுபடி குடத்தைத் தூக்கினார்கள். கிணறே கரித்ததால் இப்போது உப்பு போடும் வேலை இல்லை.

வாத்தியார் மூன்று நாள் தங்கி, வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு, மதுரை முழுக்கச் சொல்லிவிட்டார். இப்போது அந்த ஊரில் பார்க்கவேண்டிய இடமே அதுதான். தினம் ரெண்டு வேளை ஊற்றுவதையும் ரெண்டு வேளை மொள்ளுவதையும் பார்க்க பஸ் பஸ்ஸாக வருகிறார்கள். லாட்ஜில் ஆட்டுக்கு இடமே இல்லை.

போன வாரம் ஒரு விருந்தாளி கேட்டார்: "ஏங்க, அமாவாசை வந்தா கடல் ரொம்ப உள்ளே வந்துருதே, ஏன்?"

கூத்தபெருமாள் வெட்கத்தோடு தலையைச் சொறிந்தார்.

"மாசாமாசம் அமாவாசைக்கு என் மச்சினன் வந்துருவான் சார். சும்மா உட்காரச் சொன்னாக் கேக்க மாட்டான். அவனும் ரெண்டு குடம் ஊத்திருவான்."