பப்பரப்புளிக்கு ஒரு பரீட்சை

கடற்கரை ஜமீன் ஒன்றில் ஜமீன்தாருக்கு வயிற்றுப்போக்கு. ஆள் கட்டிலோடு ஒட்டிப்போய்விட்டார். அரண்மனைத் தோட்டத்தில், எப்போதோ ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பப்பரப்புளி மரம் நின்றது. அதன் பழச்சதை போக்கை நிறுத்தும் என்பது ஊருக்கே தெரியும். பழத்தை இறக்கித் தருபவள் லாயம் கூட்டும் இருளாயி. அதைப் பொடியாக்கித் தருபவர் நாகலிங்க வைத்தியர்.

பொடி தின்றும் போக்கு நிற்கவில்லை. "இவள் தந்தது சொத்தைப் பழம்," என்றார் வைத்தியர்.

ஜமீன்தார் சவுக்கைக் கொண்டுவரச் சொன்னார். "நல்ல பழம்தான்னு இப்பவே காட்டு. இல்லேன்னா தோலை உரிச்சிடுவேன்."

இருளாயி கையெடுத்துக் கும்பிட்டாள். "சாமி, மருந்து கொடுக்கிறவரு முதல்ல தான் தின்னு காட்டணுங்கிறது அரண்மனை வழக்கம். வைத்தியரய்யாவும் தின்னாரு. வயிறு நல்லா இருக்கிறவரு தின்னா மருந்தோட குணம் எப்படித் தெரியும்? எங்க ரெண்டு பேருக்கும் விளக்கெண்ணெய் கொடுங்க. போக்கு கண்டதும் அவரு பொடியைத் தின்னட்டும், நான் அதே மரத்துப் பழத்தைத் தின்னுறேன். எனக்கும் நிக்கலேன்னா சவுக்கு இருக்கே."

கிண்ணங்கள் வந்தன. இருளாயி கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் குடித்தாள். வைத்தியர் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பழத்தையெல்லாம் கப்பல்காரர்களுக்கு விற்றுவிட்டு, அவர் இத்தனை நாளும் கொடுத்துவந்தது புளிப்பேற்றிய அரிசி மாவு.

"குடியும் வைத்தியரே," என்றார் ஜமீன்தார்.

வைத்தியர் ஒரு சொட்டுகூடக் குடிக்கவில்லை. ஆனாலும் அந்தக் கூடத்திலிருந்து முதலில் ஓடியவர் அவர்தான்.