வராத எழுத்து

அம்நோன் இருபத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டியவர். ஐம்பது தாண்டிய பிறகு வாத்தியார் வேலைக்குப் படித்து, மலைச்சரிவில் இருந்த ஒரு பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்தார். அரபுப் பிள்ளைகளும் யூதப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, அரபியும் எபிரேயமும் சேர்த்துப் படிக்கிற பள்ளிக்கூடம் அது. வகுப்புக்கு இரண்டு ஆசிரியர். இரண்டாம் வகுப்பில் யூதர் அம்நோன், அரபுக்காரர் இன்ஸாஃப் டீச்சர்.

வயதில் இன்ஸாஃப் அவருக்கு மகள் மாதிரி. ஆனாலும் குரு அந்த அம்மாதான், சிஷ்யன் இவர்தான். பிள்ளைகளை அடக்குவதிலிருந்து அரபி எழுதுவது வரைக்கும் மூன்று மாதமாக அவரிடம் கற்றுக்கொண்டிருந்தார்.

அரபியில் க இரண்டு. ஒன்று நம்முடைய க போலத்தான். மற்றது தொண்டைக் குழியிலிருந்து, ஒரு மடக்குத் தண்ணீர் இறங்குகிற மாதிரி வரும். தொண்டைக் க போட்டுக் ‘கல்பி’ என்றால் என் இதயமே, என் செல்லமே. சாதாக் க போட்டால் என் நாயே. அம்நோனுக்குத் தொண்டைக் க வராது. நம்மில் சிலருக்கு ழ வராதில்லையா, அப்படி. வாய்க்கு வராதது கைக்கும் பிடிபடவில்லை.

நோகா என்கிற யூதச் சிறுமி ஒருநாள் வாழ்த்து அட்டையோடு வந்து நின்றாள். அந்த ஊரில் பிள்ளைகள் வாத்தியாரைப் பேர் சொல்லித்தான் கூப்பிடும்.

“அம்நோன், சிரீனுக்குப் பிறந்தநாள். என் செல்லமேன்னு அரபியில எப்படி எழுதணும்?”

அம்நோன் எழுதிக் காட்டினார். பிள்ளை பார்த்து எழுதி, சுற்றிலும் பூப் போட்டு, தோழியிடம் கொடுத்துவிட்டது.

சிரீன் வீட்டில், முப்பது சொந்தக்காரர் நடுவில், சித்தப்பா அதை எடுத்து உரக்கப் படித்தார். “பிறந்தநாள் வாழ்த்து, என் நாயே.”

மறுநாள் சிரீன் வகுப்புக்கு வரவில்லை. பக்கத்து இடத்தில் கையை நீட்டி வைத்துக்கொண்டு நோகா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பத்து மணிக்குச் சிரீனின் அப்பா வந்தார். முந்திர் என்று பேர். டைல்ஸ் ஒட்டுகிறவர். அட்டையை மேஜைமேல் போட்டார்.

“பேரை அடிச்சிடுங்க. நாயை எல்லாம் நீங்க படிக்க வைக்க வேண்டாம்.”

அம்நோன் அட்டையைக் குனிந்து பார்த்தார். “எழுதிக் கொடுத்தது நான்தான். குழந்தை மேல தப்பில்ல. எனக்கு அந்த எழுத்து வராது.”

“வராததை எதுக்குச் சொல்லிக் கொடுக்கறீங்க?”

நியாயமான கேள்வி.

இன்ஸாஃப் அட்டையைத் தொடவில்லை. “உக்காருங்க, அபூ சிரீன்,” என்றார். சிரீனின் அப்பா என்று பிள்ளை பேரைச் சேர்த்துக் கூப்பிடுவதுதான் அங்கே மரியாதை. “அது இருக்கட்டும். இந்தத் தரையைப் பாத்தீங்களா? வந்த நாள்லேர்ந்து எனக்கு உறுத்துது. என்னன்னுதான் தெரியல.”

முந்திருக்கு அதற்குப் பதில் சொல்லும் எண்ணம் இல்லை. ஆனால் கண் தரைக்குப் போய்விட்டது.

“எவன் ஒட்டினான் இதை? வெட்டுத் துண்டு வாசல்ல வந்து பல்லைக் காட்டுது. அந்த மூலையிலேர்ந்துல்ல ஆரம்பிச்சிருக்கணும்.”

“இவருக்கு அரபி பத்தாது. எபிரேயத்துல சொல்லுங்க.”

சொன்னார். மூலைக்கு ‘பினா’ என்றார்.

“அம்நோன், எதைச் சொல்றார்?”

“அந்த மூலையை.”

“அது எனக்கும் தெரியும். வாயில வந்த சொல் என்ன?”

அம்நோன் தயங்கினார். நமக்குப் பல்லுக்கும் ஒரே ப, பலத்துக்கும் ஒரே ப. எபிரேயத்தில் அவை இரண்டு எழுத்து. பல்லில் வருகிற ப போட்டுப் ‘பினா’ என்றால் மூலை. பலத்தில் வருகிற ப போட்டால் அறிவு. அரபு வாய்க்குப் பல்லுப் ப கிடையாது.

“சொல்லுங்க, பஸ்காரரே.”

“அந்த அறிவிலேர்ந்து ஆரம்பிச்சிருக்கணும்னு சொன்னார்.”

முந்திர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “பத்தொன்பது வருஷமா யூதர் வீடுகள்ல வேலை பாக்கறேன். அறிவுல வைக்கட்டுமா, அறிவுல பூசட்டுமான்னா கேட்டுட்டிருந்தேன்? ஒருத்தர்கூட எதுவும் சொல்லலியே.”

“டைல்ஸை எங்க ஒட்டினீங்க?” என்று கேட்டார் இன்ஸாஃப்.

“மூலையிலதான்.”

முந்திர் அட்டையை எடுத்தார். பூக்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். மேஜையில் கிடந்த பேனாவால் ஒரே ஒரு எழுத்தை மட்டும் திருத்தினார்.

“பொண்ணு வண்டியிலதான் இருக்கா. காலையிலேர்ந்து அழுகை,” என்று எழுந்தார். வாசலில் நின்று அம்நோனைத் திரும்பிப் பார்த்தார். “பிரேக் எது, ஆக்ஸிலேட்டர் எதுன்னாவது ஒழுங்காத் தெரிஞ்சுதா உமக்கு?”

“அது தெரியும்.”

“அந்த மட்டும் தப்பிச்சாங்க ஜனங்க.”

சாயங்காலம் பிள்ளைகள் எல்லாம் போன பிறகு அம்நோன் வந்து நின்றார். அன்று முழுக்க அவர் ஒரு வார்த்தை அரபி பேசியிருக்கவில்லை.

“டீச்சர், இந்தத் தடவை தப்பிச்சேன். அடுத்து எந்தப் பிள்ளை மனசை உடைப்பேனோ. இனிமே எபிரேயம் மட்டும் பாத்துக்கறேன். அரபியில வாய் திறக்கல.”

“அந்த எழுத்தை நூறு தடவை எழுதிட்டு வாங்க. கைக்கு வரணும்.”

“எழுதறேன். வாய்க்கு என்ன பண்ண? உங்களுக்குக் கவலையில்ல. ரெண்டு மொழியும் தண்ணி மாதிரி வருது.”

“வருதா?”

“ஒரு குறை சொல்ல முடியாது.”

இன்ஸாஃப் வருகைப் பதிவேட்டை மூடிப் பைக்குள் வைத்தார்.

“நானும் அரபு வாய்தானே, அம்நோன். நம்ம வகுப்புல பெலெக்னு ஒரு பையன் இருக்கான். பல்லுப் ப. மூணு மாசமா தினம் காலையில உங்க பக்கத்துல நின்னு அவனை எப்படிக் கூப்பிடறேன்?”

அம்நோன் யோசித்தார். கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். பெலெக் எழுந்து நிற்பது மட்டும்தான் ஞாபகம் வந்தது.