மடைச்சுவடியின் முப்பத்தோராம் வரி

மார்கழி இருபத்திரண்டாம் நாள். சூரியன் உதித்து நான்கு நாழிகை. பனி விலகிவிட்டது; மழையோ விலகிப் பதினெட்டு நாளாகிவிட்டது. வானத்தில் மருந்துக்கும் மேகமில்லை. அந்த வேளையில்தான் செங்கரை நாட்டு அரசர் வீரநாரணரின் அவைக்கு அந்த விசித்திர வழக்கு வந்தது.

தொடுத்தவர் அரண்மனை ஓலைநாயகம் உத்தமசீலர். அரசாணைகளை எழுதிக் காப்பது அவர் பணி. எதிரே நின்றவள் ஆனைக்குளத்து மடைக்காரி சடைச்சி. ஆளுக்கொரு சுவடி வைத்திருந்தார்கள். இரண்டிலும் இருந்தது ஒன்றே.

அதுதான் மடைச்சுவடி. ஏரியில் நீர் எந்த மட்டத்தில் நின்றால் மடைப்பலகையை எத்தனை விரற்கடை உயர்த்துவது, எந்த ஊருக்கு எவ்வளவு நேரம் விடுவது என்பதை நாற்பது வரிகளில் சொல்வது. ஏழு ஊர் மடைக்காரர்களும் அதைத்தான் பார்த்து நீர் விடுவார்கள்.

"அரசே, இது என் நூல்!" என்று முழங்கினார் உத்தமசீலர். "பன்னிரண்டு ஆண்டுகள் தனியே அமர்ந்து ஆராய்ந்து எழுதினேன். 'உத்தமசீலம்' என்று பெயரும் இட்டேன். ஏழு ஊராரும் என்னைக் கேட்காமல் படியெடுத்துவிட்டார்கள். இனி என் அனுமதி பெற்று, என் பெயரை மூன்று முறை சொல்லி வாழ்த்திய பின்பே எவரும் மடை திறக்க வேண்டும். அதுவரை மடைகளுக்கு நான் இட்ட முத்திரை இருக்கட்டும்."

சடைச்சி கும்பிட்டாள். "மகாராசா, கதிர் பால் பிடிக்கிற நேரம். நாளைக்குத் தண்ணி பாயலேன்னா அத்தனையும் பதராப் போயிடும். வாழ்த்தணும்னா மூணு தடவை இல்லே, முப்பது தடவை வாழ்த்துறேன். அனுமதி கேட்டுப் போனா, 'விண்ணப்பம் எழுதிக் கொடு, பதினைஞ்சு நாள் கழிச்சு வா'ங்கிறாரு."

"நூலாசிரியருக்கும் ஓய்வு வேண்டாமா?" என்றார் உத்தமசீலர்.

அரசர் தம் அமைச்சர் காரியைப் பார்த்தார். "காரி, எது மூலம், எது படி? ஓலையைப் பார்த்துச் சொல்."

காரிக்கு அவசரம் என்பதே தெரியாது. இரண்டு சுவடிகளையும் மடியில் விரித்து வரிக்கு வரி ஒப்பிட்டார். அவையோர் கொட்டாவி விட்டார்கள். சடைச்சியின் சுவடியில் முதல் ஓலை ஒரு நிபந்தனையைச் சொன்னது: யாரும் படியெடுக்கலாம், யாரும் திருத்தலாம், திருத்தியவர் தம் வரியின் கீழே பெயரும் ஊரும் எழுத வேண்டும், எழுதிய எதையும் அழிக்கலாகாது. அதன்படியே ஒவ்வொரு வரியின் கீழும் ஒரு பெயர், ஓர் ஊர். உத்தமசீலரின் சுவடியில் அந்த ஓலையும் இல்லை, பெயர்களும் இல்லை. பட்டுக்கயிறு மட்டும் இருந்தது.

ஆனால் சடைச்சியின் சுவடியிலும் ஒரே ஒரு வரிக்குப் பெயரில்லை. காரியின் விரல் அங்கே நின்றது. ஓலையின் ஓரத்தில், சரிவாக, இடுக்கி எழுதிய வரி அது. உத்தமசீலரின் சுவடியில் அதே வரி நடுநாயகமாக, அழகிய எழுத்தில் அமர்ந்திருந்தது.

"ஐயா, தங்கள் நூலின் முப்பத்தோராம் வரியை நான் படிக்கலாமா?"

"தாராளமாக!"

"'காலையில் எருமைக்குத் தவிடு வைக்க மறக்காதே.' இதன் கருத்து எனக்கு விளங்கவில்லை. ஆசிரியரே விளக்கினால் நன்று."

 உத்தமசீலர் தொண்டையைச் செருமினார். "நுட்பமான வரி! தவிடு தின்ற எருமை கனக்கும். கனத்த எருமை கரைமேல் நடந்தால் மண் இறுகும். மண் இறுகாமல் மடையைத் திறந்தால் கரை உடையும். நூலின் உயிரே இந்த வரிதான். இதற்கு மட்டும் மூன்று ஆண்டுகள் ஆராய்ந்தேன்."

"இதை விட்டுவிட்டு மடை திறக்கவே கூடாதா?"

"கூடவே கூடாது!"

காரி சடைச்சியின் பக்கம் திரும்பினார். "அம்மா, உன் சுவடியில் இந்த வரிக்கு மட்டும் ஏன் பெயரில்லை?"

சடைச்சிக்கு முகம் சிவந்தது. "அது திருத்தமே இல்லீங்க, சாமி. அப்ப என் எருமை சினையா இருந்துச்சு. கைக்கு எட்டினது அந்த ஓலைதான். எனக்கு நானே ஞாபகத்துக்குக் கீறி வச்சேன். படியெடுக்க வந்த பக்கத்தூரு ஆளு அதையும் சேர்த்து எழுதிட்டான். அவன்கிட்டேருந்து அடுத்த ஊரு. இப்ப மத்த ஆறு ஊரிலேயும் எருமைக்குத் தவிடு வச்சிட்டுத்தான் மடை திறக்கிறாங்க. எழுதினதை அழிக்கக் கூடாதே, நானும் விட்டுட்டேன்."

"எருமை நலமா?" என்றார் அரசர், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"அது செத்து நாலு வருசமாச்சு, மகாராசா."

அவ்வளவுதான். அரசர் சிரித்த சிரிப்பில் அரியணை குலுங்கியது. அவையே சேர்ந்து சிரித்தது. உத்தமசீலர் மட்டும் தம் பட்டுக்கயிற்றின் முடிச்சை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தார்.

"காரி, என்ன பரிசு வேண்டும், கேள்!"

"மடைகளின் முத்திரையை உடைக்க ஓர் ஆணை, அரசே. இன்றைக்கே. பிறகு, முப்பத்தோராம் வரியை விட்டுவிட்டு மடை திறந்தால் ஆபத்து என்று அறிஞர் எச்சரித்திருக்கிறார். அதை நாம் அலட்சியம் செய்யலாமா?"

"கூடவே கூடாது!" என்றார் அரசர், உத்தமசீலரின் குரலிலேயே.

மறுநாள் காலை அரசர் மடைச்சுவடியை ஒரு படியெடுத்து, முதல் ஓலையோடும் எல்லாப் பெயர்களோடும், அரண்மனைக் காப்பில் வைக்கச் செய்தார். காரி ஏரிக்கரைக்கு நடந்தே போய்க் கடைசி மடையின் அரக்கு முத்திரையைத் தம் கையால் உடைத்தார். உத்தமசீலர் இடுப்பில் மேலாடையை வரிந்து கட்டிக்கொண்டு, இரவல் எருமை ஒன்றின் முன்னே தவிட்டுக் கூடையோடு நின்றார். அது நிதானமாகத் தின்று முடித்த பின்பே சடைச்சி மடைப்பலகையை நான்கு விரற்கடை உயர்த்தினாள். வயலுக்குள் தண்ணீர் ஓடியது.

பிறகு அவள் எழுத்தாணியை எடுத்தாள். வரிக்கு உரியவர் பெயரை எழுதாமல் விடுவது முறையல்லவே. முப்பத்தோராம் வரியின் கீழே, இத்தனை ஆண்டுகளாகக் காலியாகக் கிடந்த இடத்தில், பொறுமையாகக் கீறினாள்: 'தவிடு வைத்தவர் உத்தமசீலர், அரண்மனை.'

அடுத்த வாரத்துக்குள் மற்ற ஆறு ஊராரும் அதைப் படியெடுத்துக்கொண்டார்கள். எவரும் அனுமதி கேட்கவில்லை.