கொக்கனேந்தலில் நின்ற ரயில்

கொக்கனேந்தலுக்கு எப்படிப் போவது என்று என்னைக் கேட்காதீர்கள். ரயில் ஊரை உரசிக்கொண்டுதான் போகும், ஆனால் நிற்காது. அதில் அதிகம் அவதிப்பட்டவள் ராக்கு. முருங்கைக்காய்க் கட்டு தலையில், கைப்பிள்ளை இடுப்பில் என்று, சந்தைக்கு ரயில் பிடிக்க அடுத்த ஸ்டேஷனுக்கு ஐந்து மைல் நடப்பாள். போய்ச் சேர்வதற்குள் காய் வாடியிருக்கும், பிள்ளை அழுது தூங்கியிருக்கும், ரயில் போயிருக்கும்.

ஒருநாள் தண்டவாளம் பார்க்க வந்த ஆபீசரை மறித்துக் கேட்டே விட்டாள். நல்ல மனுஷன்.

"உங்க ஊரைச் சின்னதா ஒரு மேஜை மேல செஞ்சு வைங்க. ரயிலும் ஓடணும். எதையும் கூட்டாம, குறைக்காம, இருக்கிறபடியே இருக்கணும். அடுத்த மாசம் பார்த்துட்டு, ரயில் நிக்கிறதுக்கு மேலே எழுதுறேன்" என்றார்.

தலைவர் சங்கையா, தச்சர் இருளாண்டி, பெயிண்டர் பேச்சிமுத்து மூவரும் பொறுப்பை எடுத்துக்கொண்டார்கள். ராக்கு நானும் வருகிறேன் என்றாள். இது மூளை வேலை, நீ போய்க் காயைப் பறி என்று அனுப்பிவிட்டார்கள்.

ஊர் நூலகத்தில் மேஜை மேல் இருந்த புத்தகங்களைத் தரையில் இறக்கிவிட்டு வேலை ஆரம்பமானது. டவுனில் வாங்கிய பொம்மை ரயிலைப் பிரித்ததுமே குழப்பம். தண்டவாளத்தைக் கோத்தால் வட்டமாக வந்தது. நம்ம ஊரில் நேராக அல்லவா போகிறது என்று தச்சர் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார்.

தலைவர் யோசித்தார். "காலையில போற ரயில் மறுநாள் காலையில திரும்ப வருதா இல்லையா?"

"வருதுண்ணே."

"அப்ப வட்டந்தானப்பா?"

தச்சருக்கு அன்றைக்குத்தான் உலகம் பிடிபட்டது.

தெர்மகோல் மலைக்கு வர்ணம் பேச்சிமுத்து. மலை எப்படித் தெரிகிறதோ அப்படியே அடி என்று உத்தரவு. காலையில் நீலமாகத் தெரிந்தது, நீலம் அடித்தான். மத்தியானம் பழுப்பு, மேலேயே பழுப்பு. சாயங்காலம் செவப்பு. எனாமல் பெயிண்ட் தெர்மகோலை அரிக்கும் என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. பத்தாம் நாள் மலை இருந்த இடத்தில் பள்ளம்.

தலைவர் எட்டிப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். கல் குவாரி வந்த பிறகு நிஜ மலையும் அப்படித்தான் இருந்தது.

வேப்பங்கொப்பை ஒடித்து மரம் வைத்தார்கள். மறுநாள் ஒரு ஆடு உள்ளே வந்து மேற்குத் தெருவை மேய ஆரம்பித்தது. பேச்சிமுத்து கம்பை எடுத்தான்.

"இரு மாப்ளே. ஆடு எந்த ஊரு?" என்றார் தலைவர்.

"நம்ம ஊருதான் மாமா."

"நம்ம ஊர் ஆடு நம்ம ஊர் மரத்தைத் தின்னா நெசத்துல யாரு விரட்டுறா?"

யாரும் விரட்டுவதில்லை. ஆடு கிழக்குத் தெருவையும் முடித்துவிட்டுப் போனது.

சொன்ன நாளில் ஆபீசர் வந்தார். ரயிலை விட்டார்கள். கொக்கனேந்தலைத் தாண்டி ஓடியது. சுற்றி வந்து மறுபடி தாண்டி ஓடியது. ஒன்பதாவது சுற்றில் அவர் எங்கே நிற்கும் என்று கேட்டார்.

"நிக்காதுங்கய்யா. இருக்கிறபடியே செய்யச் சொன்னீங்கள்ல" என்றார் தலைவர் பெருமையாக.

ஒரே ஒரு தடவை நிறுத்திக் காட்டுங்கள், பெட்டி எது வரைக்கும் வருகிறது என்று அளந்துகொள்கிறேன் என்றார் அவர். மூவரும் மூலையில் கூடிக் குசுகுசுத்தார்கள். உத்தரவில்லாமல் ரயிலை மறித்தால் ஜெயில் என்று முடிவானது. வேடிக்கை பார்க்க வந்து நின்ற ராக்கு பொறுக்கமாட்டாமல் ரயிலை நிறுத்தக் கையை நீட்டினாள். தச்சர் பாய்ந்து பிடித்துக்கொண்டார். கைப்பிள்ளைக்காரி, ஜெயிலுக்குப் போகலாமா?

"எழுத்துல உத்தரவு குடுங்கய்யா, நிப்பாட்டிப்புடலாம்" என்றார் தலைவர்.

ஆபீசருக்கும் ரயிலைப் பிடிக்க ஐந்து மைல் நடந்தாக வேண்டும். 'கொக்கனேந்தல் நூலக மேஜையில் ரயில் நிற்கலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு ஓடினார். வேறெதையும் அவர் எங்கேயும் எழுதவில்லை. அந்தக் காகிதத்துக்கு மாலை போட்டு, மேளத்தோடு ஊரைச் சுற்றி வந்தார்கள்.

விடிந்ததும் ராக்கு கட்டைத் தலையில் ஏற்றினாள். மூவரும் வழியை மறித்துக்கொண்டார்கள்.

"இனி நீ எதுக்குத்தா நடக்கணும்? நம்ம ஊர்லதான் ரயில் நிக்குதே."

அவள் வாயைத் திறப்பதற்குள் கட்டு நூலகத்துக்குப் போய்விட்டது. காய்களைத் தீக்குச்சி அளவில் நறுக்கி, பெட்டிக்கு ஆறாக ஏற்றினார்கள். தலைவர் பச்சைத் துண்டை ஆட்டினார். ரயில் கிளம்பியது. பள்ளமான மலையைச் சுற்றி, மொட்டை மரங்களைத் தாண்டி, அரை நிமிஷத்தில் கொக்கனேந்தலுக்கே வந்து, உத்தரவுப்படி நின்றது. ஏற்றிய காய் ஏற்றினபடியே இருந்தது.

தலைவர் ஒரு காய்த்துண்டை எடுத்து ஒடித்துப் பார்த்தார். மோந்து பார்த்தார். பிறகு ராக்குவை வருத்தமாகப் பார்த்தார்.

"முத்தக்காயா ஏத்திவிட்டியே தாயி, சந்தையில திருப்பி அனுப்பிட்டான் பாரு. நாளைக்காவது இளசாப் பறிச்சுட்டு வா."