இரவல் மீசை

பெண்களும் எல்லாப் பதவிகளையும் ஏற்கலாம் என்று மருதவேலி மன்னர் பரிதியார் முரசறையச் செய்தார். அன்று முதல், பெண்ணினத்துக்கே விடுதலை தந்தவர் தாமே என்று கண்ணாடி முன் நின்று மகிழ்ந்தும் வந்தார்.

முதலில் வந்தவள் சிலம்பாயி. சென்ற மழைக்காலத்தில் பேரேரியின் கரை கசிவதைக் கண்டு, உரிய வேளையில் மதகைத் திறந்து ஊரைக் காத்தவள். ஏரித்தலைவர் மாசிலாமணி காலமாகிவிட்டமையால், அப்பொறுப்பைத் தனக்குத் தருமாறு வேண்டினாள்.

அமைச்சர் பேரரையரோ அப்பதவியைத் தம் மைத்துனருக்கென எண்ணி வைத்திருந்தார். ஆயினும் அவர் மறுக்கவில்லை. ஆணும் பெண்ணும் சமமே என்று மும்முறை கூறினார்.

“ஆகவே விதியும் ஒன்றே, அரசே. ஏரித்தலைவர் ஆவோர் மீசையைத் தொட்டு, ‘கரை உடைந்தால் இம்மீசை மழிக்கப்படும்’ என்று சூளுரைப்பது நம் வழக்கம். இந்த அம்மாளும் அவ்வாறே செய்யட்டும்.”

அவை சிரித்தது. சூளுரைக்க இயலாவிடில் பதவி மைத்துனருக்குப் போய்விடும். மன்னர் செய்வதறியாது விகடர் ஏகாம்பரரை நோக்கினார்.

விகடர் பழைய ஓலைகளை வரவழைத்துப் படிக்கச் செய்தார். மாசிலாமணி பதவியேற்றபோது அவருக்கு வயது பதினைந்து, மீசை இல்லை. அமைச்சரின் தந்தையார் தம் மீசையை இரவல் தர, அதைத் தொட்டே அவர் சூளுரைத்திருந்தார்.

“அவர் ஆண்மகன். பின்னர் முளைக்கும் என்று பொறுத்தார்கள்,” என்றார் அமைச்சர்.

“முளைக்கும்வரை கரையைத் தாங்கியது எது, ஐயா?” என்று விகடர் வினவினார். “இரவல் தருவது தங்கள் குடும்ப வழக்கம். வழக்கத்தை மீறலாமா? சிலம்பாயி, இப்படி வா அம்மா.”

சிலம்பாயி தயங்காமல் சென்று, அமைச்சரின் முறுக்கு மீசையைத் தொட்டுத் தெளிவாகச் சூளுரைத்தாள்.

“கரை உறுதியாகத்தானே உள்ளது?” என்று அமைச்சர் தாழ்ந்த குரலில் கேட்டார்.

“மூன்று எலிவளைகள் உள்ளன, ஐயா. மழைக்கு இன்னும் பத்து நாள்.”

மன்னர் வயிறு குலுங்கச் சிரித்தார். சிலம்பாயியும் ஆண்களுக்கு நிகராக அவையில் அமர, பொன்னால் ஒரு மீசை செய்து பரிசளிப்பதாக அறிவித்தார்.

“பொன்மீசை எதற்கு, அரசே? வேலையைத் தந்தீர்கள், அதுவே நிகர். பரிசு தருவதாயின், வளைகளை அடைக்க முப்பது ஆட்களைத் தாருங்கள்.”

மன்னர் வாய் திறக்குமுன் அமைச்சர் எழுந்துவிட்டார்.

“அறுபதாகத் தாருங்கள், அரசே. இன்றே தாருங்கள்.”