மடை திறக்கும் நாள்

கடலோரத்தில் ஒரு பள்ளி இருந்தது. மேலே பனையோலைக் கூரை, கீழே மணல் தரை. அதை நடத்தியவர் பேராச்சி அம்மை. அவரைவிட வயதில் மூத்த ஒருவர் அங்கே அவருக்குச் சீடராக இருந்தார். அவர் பெயர் சடையப்பர்.

சடையப்பர் அரண்மனையில் நெடுங்காலம் ஓலை எழுதியவர். தலை நரைத்த பிறகுதான், கற்க வேண்டியது இன்னும் இருக்கிறது என்று தோன்றி அங்கே வந்து சேர்ந்தார். வந்தவருக்குப் பேராச்சி அம்மை உபதேசம் எதுவும் செய்யவில்லை. பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லுங்கள் என்றார். அந்தப் பக்கத்தில் பாடம் சொல்பவரை அண்ணாவி என்பார்கள். பிள்ளைகளும் அவரை அப்படியே அழைத்தார்கள்.

எதையும் ஒழுங்கோடு செய்பவர் சடையப்பர். வந்த ஆண்டிலேயே பள்ளிக்கு ஒரு வழக்கத்தை உண்டாக்கினார். பௌர்ணமிதோறும் காலையில் பெற்றோர் வரவேண்டும். ஒவ்வொரு பிள்ளைக்குப் பின்னாலும் ஒரு பாய் விரித்திருக்கும். தாயோ தகப்பனோ அதில் உட்கார்ந்து, பிள்ளை ஒப்பிப்பதைக் கேட்கவேண்டும்.

பௌர்ணமியை அவர் யோசித்துத்தான் தேர்ந்தெடுத்தார். நிறைந்த நாள். பஞ்சாங்கத்தில் குறையில்லாத நாள். தொலைவிலிருந்து வண்டி கட்டி வருகிறவர்கள் விருந்துண்டு இளைப்பாறிவிட்டு, நிலவு வெளிச்சத்தில் வீடு திரும்பலாம். பேராச்சி அம்மையும் சரி என்று தலையசைத்தார்.

சங்கு வணிகர் சிதம்பரநாதர் ஒரு பௌர்ணமியைக்கூடத் தவறவிட்டதில்லை. மகன் தடுமாறும் இடத்தில் அவருடைய உதடுகளும் சேர்ந்து அசையும். வைத்தியரின் மனைவி விசிறியோடு வருவார். மகள் நன்றாகச் சொன்னால் விசிறி வேகமாக ஆடும். இப்படிப் பெற்றோர் வந்த பிள்ளைகள் மாதத்துக்கு மாதம் தேறிவந்தார்கள். அதைச் சடையப்பர் கண்கூடாகக் கண்டார்.

உப்பளத்துப் பிள்ளைகளுக்குப் பின்னால் பாய் மட்டும் இருந்தது.

ஒருமுறை, அவர்களில் மாடத்தி என்ற சிறுமியின் பாயில் ஒரு நண்டு ஏறி உட்கார்ந்துகொண்டது. மாடத்தியின் மாமா வந்திருக்கிறார் என்றான் வணிகரின் மகன். எல்லோரும் சிரித்தார்கள். மாடத்தி திரும்பிப் பார்த்தாள்.

"மாமா, கால நீட்டி நல்லா உக்காருங்க" என்று நண்டிடம் சொல்லிவிட்டு, பாடத்தைத் தொடர்ந்தாள்.

பங்குனிப் பௌர்ணமி வந்தது. மறுநாள் விடியலில் ஒரு படகு புறப்பட இருந்தது. வளைகுடாவுக்கு அப்பால் இருந்த பெரிய பள்ளிக்கு, தேறிய பிள்ளைகளை ஆண்டுக்கு ஒருமுறை ஏற்றிச்செல்லும் படகு அது. யார் யாரை அனுப்புவது என்று சொல்லவேண்டியவர் சடையப்பர். படகில் இடத்துக்குக் குறைவில்லை. ஆனாலும் மாடத்தியை அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை.

அவள் பாடத்தைத் தப்பில்லாமல்தான் சொன்னாள். ஆனால் ஒவ்வொரு வரிக்கும் பிறகு ஒரு கணம் வாயை மூடிக்கொண்டு நின்றாள். பிறகே அடுத்த வரிக்குப் போனாள். எத்தனை முறை சொல்லியும் அந்தப் பழக்கம் போகவில்லை. போதாததற்கு, பௌர்ணமியன்று முதல் ஆளாக ஒப்பிக்கக் கேட்பாள். ஒப்பித்த கையோடு ஓடிவிடுவாள். அன்றும் அப்படித்தான் ஓடினாள்.

சடையப்பர் பேராச்சி அம்மையிடம் வந்தார்.

"அம்மை, ஒன்று கேட்கவேண்டும்."

"கேளுங்கள் ஐயா."

"வசதி உள்ளவர்கள் பிள்ளையின் படிப்பில் கருத்தாக இருக்கிறார்கள். இல்லாதவர்கள் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. கையில் காசு இல்லாவிட்டால் அக்கறையும் இல்லாமல் போய்விடுமா? அல்லது அக்கறை இல்லாதவர்கள் கையில்தான் காசு நிற்பதில்லையா?"

பேராச்சி அம்மை கடலைப் பார்த்தார்.

"குடை இருக்கிறதா?" என்றார்.

இருக்கிறது என்றார் சடையப்பர்.

"எடுத்துக்கொள்ளுங்கள். போய் வருவோம்."

வகுப்பை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு இருவரும் நடந்தார்கள். வழியெல்லாம் முள் அடர்ந்த உடைமரங்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. எங்கே போகிறோம் என்று சடையப்பர் கேட்டார். மாடத்தி ஓடிய பக்கம் என்றார் அம்மை. அவளுடைய பெற்றோரைக் கண்டிக்கப் போகிறோம் என்று சடையப்பர் எடுத்துக்கொண்டார். பிள்ளையை ஓரிடத்துக்கு அனுப்பினால் அவள் பின்னால் நிற்க வீட்டில் ஆள் வேண்டும், ஆளில்லாத வீட்டுப் பிள்ளை பாதியில் திரும்பிவரும், அதில் அவளுக்குத்தான் வேதனை என்று விளக்கிக்கொண்டே வந்தார். அவர் சொன்னதில் வன்மம் இல்லை. அவர் உண்மையாகவே அந்தப் பெண்ணுக்காகக் கவலைப்பட்டார்.

உடைமரங்கள் முடிந்தன. உப்பளம் தொடங்கியது.

சடையப்பர் அதுவரை அங்கே வந்ததில்லை. வெள்ளைக்கு அப்பால் வெள்ளையாக, வானம் தொடும் இடம்வரை பாத்திகள் கிடந்தன. கண் கூசியது. குடையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டார். அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

முதலில் அலை என்று நினைத்தார். ஆனால் அலைக்குச் சொல் கிடையாது. இதில் சொல் இருந்தது.

"ஈரெட்டுப் பதினாறு."

அது ஒரே ஒரு சின்னக் குரல். அதன் பிறகு ஒரு கணம் அமைதி. பிறகு பூமியே வாய் திறந்ததுபோல ஒரு பெரிய குரல்: "ஈரெட்டுப் பதினாறு."

சடையப்பர் குடையை விலக்கினார்.

ஓடை வழியாகக் கடல் ஏறி வந்துகொண்டிருந்தது. மடைப் பலகையைத் தூக்கியிருந்தார்கள். எல்லாப் பாத்திகளுக்கும் தாயான பெரிய தேக்கத்துக்குள் தண்ணீர் நுரைத்துக்கொண்டு பாய்ந்தது. தண்ணீர் உயர உயரக் கரையையும் உயர்த்தவேண்டும். களிமண் வெட்டும் இடத்திலிருந்து கரைவரை ஆண்களும் பெண்களும் வரிசையாக நின்றார்கள். மண்கூடை கைமாறிக் கைமாறிப் போனது. கரையின் மேல், மடைக்குப் பக்கத்தில், முழங்கால்வரை சேறு பூசிக்கொண்டு மாடத்தி நின்றாள்.

"மூவெட்டு இருபத்து நாலு."

வாயை மூடினாள். வரிசை முழுவதும் அதைத் திருப்பிச் சொன்னது. சொன்ன அந்த மூச்சில் எல்லாக் கூடைகளும் ஒரு கை நகர்ந்தன.

"நாலெட்டு முப்பத்திரண்டு."

கூடைகள் நகர்ந்தன.

ஒவ்வொரு வரிக்கும் பிறகு மாடத்தி ஏன் நிற்கிறாள் என்பது சடையப்பருக்குப் புரிந்தது. அவள் நிறுத்திய இடத்தில்தான் அவளுடைய தாயும் தகப்பனும் பேசினார்கள். பள்ளியிலும் அவள் அவர்களுக்கு இடம் விட்டே நின்றிருக்கிறாள்.

அரண்மனையில் அவர் எத்தனையோ ஓதுதல்களைக் கேட்டிருக்கிறார். உட்கார்ந்து ஓதியவர்கள், சந்தனம் பூசிக்கொண்டு ஓதியவர்கள். சேற்றில் நின்று, கையில் பாரத்தோடு, ஓர் ஊரே ஓதி அவர் கேட்டதில்லை. கையிலிருந்த குடை மணலில் சாய்ந்ததை அவர் கவனிக்கவில்லை.

"ஏழெட்டு ஐம்பத்து நாலு" என்றாள் மாடத்தி.

வரிசை வாய் திறக்கவில்லை. கூடைகள் அப்படியே நின்றன.

தண்ணீர் நிற்கவில்லை. அது கரையின் விளிம்பை நோக்கி ஏறியது. ஓரிடத்தில் ஈரம் கசிந்து வெளியே வழியத் தொடங்கியது. ஒரே ஒரு எண், விட்டுவிட்டு மண்ணைப் போடுங்களேன் என்று கத்தவேண்டும்போல இருந்தது சடையப்பருக்கு. யாரும் அசையவில்லை. எல்லா முகங்களும் அந்தச் சிறுமியைப் பார்த்துக்கொண்டிருந்தன. கூடையின் பாரத்தில் கைகள் நடுங்கின.

"ஏட்டி, மிச்சம் ரெண்டையும் கடல்ல போட்டுட்டியா?" என்று வரிசையின் நடுவிலிருந்து ஒரு குரல் கேட்டது. அது அவள் தகப்பன்.

வரிசை சிரித்தது. மாடத்தி கண்ணை மூடினாள். விரல்களை மடக்கினாள்.

"ஏழெட்டு ஐம்பத்தாறு."

"ஏழெட்டு ஐம்பத்தாறு" என்றது உப்பளம். கூடைகள் பாய்ந்தன. கசிந்த இடத்தில் களிமண் வந்து விழுந்தது. மிதித்தார்கள். கரை நின்றது.

தேக்கம் நிறைந்ததும் மடைப் பலகையை இறக்கினார்கள். எல்லோரும் கரையில் உட்கார்ந்து கூழ் குடித்தார்கள். மாடத்தியின் தாய் பிச்சம்மை, அம்மையைப் பார்த்துவிட்டுக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஓடிவந்தாள். அண்ணாவியும் வந்திருப்பதைக் கண்டதும் சற்றுத் தள்ளியே நின்றுகொண்டாள்.

பௌர்ணமிக்கு ஏன் ஒருமுறைகூடப் பள்ளிக்கு வரவில்லை என்று சடையப்பர் கேட்டார். அவர் குரலில் இப்போது கண்டிப்பு இல்லை.

பிச்சம்மை தரையைப் பார்த்தாள். பௌர்ணமிக்குத்தான் கடல் இவ்வளவு உயரம் ஏறும் என்றாள். அன்றைக்கு மடை திறந்தால்தான் தண்ணீர்; தவறினால் அமாவாசைவரை பாத்தி காயும், உலையும் காயும் என்றாள். ஆள் ஒன்று குறைந்தாலும் வரிசை எட்டாது என்றாள்.

"பாய் சும்மா கெடக்குன்னு புள்ள வந்து சொல்லும். வேற நாளா வைக்கக் கூடாதான்னு கேக்க நெனச்சேன், அண்ணாவி. கேட்டா திமிருன்னு நெனப்பீகளோன்னு விட்டுட்டேன்."

சடையப்பர் மணலில் கிடந்த குடையைக் குனிந்து எடுத்தார்.

"படகு நாளைக்குத்தானே? அவ பாவாடையத் துவச்சுக் காயப்போட்டுட்டேன்" என்றாள் பிச்சம்மை. பிறகு யாரோ கூப்பிட, போய்விட்டாள்.

இருவரும் திரும்பினார்கள். உடைமரங்கள் தொடங்கிய இடத்தில் சடையப்பர் நின்றார்.

"பௌர்ணமி என்று நாள் குறித்தது நான்."

"தலையசைத்தது நான்" என்றார் பேராச்சி அம்மை.

மேலும் சற்று நடந்தார்கள். சடையப்பரின் முகத்தில் உப்பளத்தின் வெள்ளை ஒளி இன்னும் இருந்தது.

"இப்படி ஒரு பள்ளியை நான் கண்டதில்லை, அம்மை. கடலே வந்து மோதும்போதும் பிள்ளையின் ஒரு எண்ணுக்காக நின்றார்களே. எந்த வணிகரால் இது முடியும்? இவளுக்கு ஒரு குறையும் இல்லை. இவளை ஏன் படகேற்றி இங்கிருந்து பிரிக்கவேண்டும்?"

"சிதம்பரநாதர் காலையிலிருந்து நம் பாயில் உட்கார்ந்திருக்கிறார். அவருடைய கடையை இப்போது யார் பார்க்கிறார்கள்?"

"கணக்குப்பிள்ளை பார்த்துக்கொள்வார்."

"பிச்சம்மையின் கூடையை? இங்கேயே இருந்தால் நாளை மாடத்திக்கும் அதே கூடைதான்."

சடையப்பர் நடையைத் தளர்த்தினார். அம்மை திரும்பிப் பார்க்காமல் போய்க்கொண்டிருந்தார். ஓடிச்சென்று சேர்ந்துகொண்டார்.

"அவள் போகட்டும். நானே படகில் ஏற்றிவிடுகிறேன்" என்றார்.

அம்மை தலையசைத்தார்.

பள்ளியின் கூரை தெரிந்தது. வணிகரின் மகன் ஒப்பிக்கும் குரலும் கேட்டது. நிறுத்தாமல், தடங்கலில்லாமல், அழகாகச் சொல்லிக்கொண்டிருந்தான். அதைக் கேட்டதும் சடையப்பருக்கு ஒன்று உறைத்தது.

"அம்மை, அடுத்த பௌர்ணமிக்கும் கடல் ஏறுமே. மாடத்தி இருக்கமாட்டாள். அவர்களுக்கு யார் வரி எடுத்துக்கொடுப்பார்கள்?"

பேராச்சி அம்மை அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"எட்டாம் வாய்ப்பாடு உங்களுக்குத் தெரியும்தானே, ஐயா?" என்றார்.