துணி கட்டாத மரம்

“சாத்தான் ஏமாத்திட்டான்னு மட்டும் சொல்ல மாட்டேன், சிஸ்டர்” என்றாள் அருளாயி.

கன்னியர் இல்லமொன்றில், ஊரில் மறைக்கல்வி சொல்லித்தரும் உபதேசியார் பயிற்சிக்கு வந்தவள் அவள். வயது நாற்பத்தாறு. அவளுக்கு வேதாகமம் கற்றுத்தரும் சிஸ்டர் தெக்லாவுக்கு இருபத்தெட்டு.

தவக்காலம் தொடங்கியதும் தோட்டத்தின் நடுவில் நிற்கும் கொய்யாவுக்கு ஊதாத் துணி கட்டுவது அந்த இல்லத்து வழக்கம். ஈஸ்டர் வரை யாரும் அதைத் தொடக் கூடாது.

அன்று காலை அருளாயி ஒரு பழத்தைப் பறித்தாள். எல்லோரும் பார்க்க நின்று தின்றாள்.

மாலை மணி அடித்ததும் அவள் எல்லோர் முன்பும் மண்டியிட்டு, சாத்தான் ஏமாற்றிவிட்டான் என்று சொல்ல வேண்டும். இல்லையென்றால் பயிற்சி அதோடு முடிந்தது. காலையில் ஊருக்குப் பஸ் ஏற வேண்டும். இல்லத் தலைவி மதரின் உத்தரவு.

“ஒரு வரிதானே அக்கா. சொல்லிட்டுப் போங்களேன்” என்றார் தெக்லா.

“ஆதாம் ஏவாளைக் காட்டினான். ஏவாள் பாம்பைக் காட்டினா. நான் யாரைக் காட்ட? பறிச்சது என் கை. தின்னது என் வாய்.”

“ஏன் தின்னீங்க?”

“தொடாதேன்னா எதுக்கு நடுவுல நடணும்? பதினேழு நாளா வகுப்புக்குப் போனா அந்த மரம், வந்தா அந்த மரம். ஜெபத்துல கண்ணை மூடினாலும் அதே மரம்.”

“ருசி எப்படி?”

“துவர்ப்பு.”

தெக்லா எழுந்து தோட்டத்துக்கு நடந்தார். அருளாயி பின்னால் போனாள்.

“ஏதேன்ல பேர் சொல்லப்பட்ட மரம் எத்தனை?”

“ரெண்டு. நன்மை தீமை அறியிற மரம். வாழ்வின் மரம்.”

“திங்காதேன்னு ஆண்டவர் சொன்னது?”

“முதல் மரத்தை.”

“வாழ்வின் மரத்தை?”

“அப்போ ஒண்ணும் சொல்லலையே.”

“அதை யார் தின்னா?”

“யாரும் திங்கலையே.”

கொய்யாவுக்கு நாலடி தள்ளி இன்னொரு மரம் நின்றது. சப்போட்டா. இலைகளுக்குள் கொத்துக் கொத்தாகப் பழுப்புப் பழங்கள். தரையில் கனிந்து விழுந்தவற்றில் எறும்பு மொய்த்திருந்தது.

“இது எப்போ காய்ச்சுது?”

“நீங்க கொய்யாவையே பார்த்துக்கிட்டு இருந்தப்போ.”

தெக்லா கொய்யாவிலிருந்து ஊதாத் துணியை அவிழ்த்து அவளிடம் நீட்டினார்.

“மதர் கேட்டா?”

“அவிழ்த்தது என் கைன்னு சொல்வேன்.”

மணி அடித்தது.

அருளாயி துணியைச் சப்போட்டாவின் அடிமரத்தில் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டாள்.

“என்ன அக்கா இது?”

“இருபது பேர் இருக்கோம் சிஸ்டர். இனிமேலாவது கண்ணுல படட்டும்.”

கிளையைத் தாழ்த்தி, நன்றாகக் கனிந்த ஒரு பழத்தைப் பறித்தாள். சேலையில் துடைத்துக் கடித்தாள்.

“உள்ளே போய் என்ன சொல்லப் போறீங்க?”

“ரெண்டு மரத்துலயும் தின்னேன்னு.”

மென்றுகொண்டே ஜெபக்கூடத்துக்குள் நடந்தாள்.